முதல் காலில் ஒட்டியிருந்த ஒயர்

கூடப் பிறக்காமலே கூடப் பிறந்தவர்போல என்னோடு மல்லுக்கட்டிய என் தஸ்தகீர் அண்ணாவுக்கு,

மாதேஸ்வரி எழுதுகிறேன். ஆம்பளைப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல 'மாதேசு' என்று கூப்பிடுவீர்களே, அந்தக் காரிமங்கலத்துக்காரி. நலமா என்று கேட்க முடியாது, கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். நீங்கள் கண்மூடி ஒரு வருஷம் ஆகிறது, வருகிற வெள்ளிக்கிழமை உங்களுக்கு வருஷ ஃபாத்திஹா ஓதுகிறார்கள். அதற்கு முன்னால் உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

இதை எழுதி முடித்ததும், காலை ஏழு மணிக்கு ரேடியோவில் கூடுகிற நம் நண்பர்கள் எல்லாருக்கும் ஒரு நகல் அனுப்பப் போகிறேன். அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே நடுநடுவே உங்களுக்கு விளக்குவேன். 'இவ எனக்கே வால்வுப் பாடம் எடுக்குறா பாரு' என்று முறைக்காதீர்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் பழைய இரும்புக் கடையை மருமகன் பார்த்துக்கொள்கிறார். ரேடியோ சாமான் எது வந்தாலும் உடைக்காமல் ஓரமாக வைத்துவிட்டு எனக்குப் போன் பண்ணுகிறார். போன வாரம் "அக்கா, பெரிய வால்வு செட்டு ஒண்ணு வந்திருக்குது" என்றார். என் மோட்டார் கடையில் கிடந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறி தர்மபுரி போனேன். அது மாவு அரைக்கிற கிரைண்டரின் மோட்டார்.

உங்கள் மொட்டை மாடி ஏரியல் ஒயர் நன்றாக இருக்கிறது. ஒரு பக்கம் கயிறு இற்றுப்போயிருந்தது, மாற்றிவிட்டேன். அதில் நூர்ஜஹான் அண்ணி துணி காயப்போட்டிருந்தார்கள். "இவ்ளோ நீளமாக் கம்பி கட்டி வச்சிட்டு அதுல ஒரு துணி காயப் போட வுடமாட்டாரு மனுஷன், இப்பத்தான் போடுறேன்" என்றார்கள். சொல்லிவிட்டு அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் குனிந்து கயிற்று முடிச்சை இறுக்கினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய ரேடியோவுக்குள் கண்ணாடிக் குப்பிபோல நின்றுகொண்டு உள்ளே சிவப்பாகக் கனலுமே, அதுதான் வால்வு. அடியில் ஊசி ஊசியாகக் கால்கள் இருக்கும். அதை வைத்துப் பேசும் செட்டு கட்டி, லைசென்ஸ் வாங்கி, ஊர் ஊராகப் பேசிக்கொள்வது நம் பைத்தியம். மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரைச் சுற்றுவது என் பங்கு. போர் மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டுகிற கைக்கு அது பெரிய வேலை இல்லை. வால்வு தேடுவதும், அதற்கேற்ற காயில் போட்டு முடிப்பதும் உங்கள் பங்கு.

எந்த வால்வை வைத்துக் கட்டுவது என்பதில்தான் நமக்குள் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. நான் புத்தகத்தைப் பார்ப்பேன். எத்தனை வாட் தரும், எவ்வளவு சூடு தாங்கும், எந்த வேலைக்கென்று செய்தது. நீங்கள் உங்கள் தகரப் பெட்டியைப் பார்ப்பீர்கள். "எது நல்ல வால்வுன்னு கேக்காத மாதேசு. எது நம்மகிட்ட மூணு இருக்குதுன்னு கேளு. ஒண்ணு ஓடுறதுக்கு, ஒண்ணு செத்துப்போனா மாட்டுறதுக்கு, ஒண்ணு நான் கீழ போட்டு உடைக்கிறதுக்கு" என்பீர்கள். ஒகேனக்கல்லில் மீன் வறுவல் கடையில் நின்றாலும் அப்படித்தான். எந்த மீன் ருசி என்று கேட்காமல், எந்த மீன் தட்டு நிறைய இருக்கிறது என்று பார்த்து வாங்கி, முள்ளோடு மல்லாடுவீர்கள்.

அதனால் உங்கள் செட்டு எல்லாமே இ.எல். 84 வால்வில்தான் முடியும். பழைய ரெக்கார்டு பிளேயரில் பாட்டைச் சத்தமாக்குவதற்கு வைத்திருந்த வால்வு அது. ரேடியோ அலை அனுப்புவதற்கென்று செய்ததில்லை. ஆனால் உங்கள் கடைக்கு அது குவியல் குவியலாக வந்தது, உங்கள் கைக்கும் படிந்துவிட்டது.

எனக்கு 5763 என்கிற வால்வு மேல் ஆசை. அளவில் இ.எல். 84ஐவிடக் கொஞ்சம் குட்டை. அலை அனுப்புவதற்கென்றே செய்தது. நம் பக்கத்தில் கிடைக்காது. எங்கெங்கோ எழுதிப் போட்டுத் தபாலில் ஒன்றே ஒன்று வரவழைத்தேன். நீங்கள் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "நல்ல சாமான்தான். ஆனா ஒண்ணே ஒண்ணை நம்பி செட்டு கட்டுறியே" என்றீர்கள். நான் கேட்கவில்லை. நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

டிரான்ஸ்பார்மரை நான் சுற்றினேன். காயிலை நீங்கள் போட்டுக் கொடுத்தீர்கள். மூன்று வாரம் அந்தச் செட்டு ராஜா மாதிரி ஓடியது. ஏரியூரிலிருந்து கம்பவுண்டர் சார் "பக்கத்து வூட்டுல இருந்து பேசுற மாதிரி இருக்குதும்மா" என்றார். நாலாவது வாரம் ஒரு காலையில் வால்வு செத்துப்போனது. உள்ளே கனலவே இல்லை.

அன்றைக்கு என் இன்னொரு செட்டைப் போட்டு, அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் பேசியதை இங்கே எழுதத்தான் வேண்டும். "அண்ணா, உங்க காயில்தான் என் வால்வக் கொன்னுது. பழைய இரும்புக் கடைக்காரர் கை வச்சா நல்ல சாமானும் பழைய இரும்பாத்தான் போவும். ஓவர்." இதுதான் நான் சொன்னது, ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

நீங்கள் பதில் பேசக் கொஞ்ச நேரம் ஆனது. நான் வசவுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். "சரிம்மா. செவன்ட்டி த்ரீ" என்று மட்டும் சொன்னீர்கள். 'ஓவர்' என்றால் இனி நீங்கள் பேசுங்கள் என்று அர்த்தம்; செவன்ட்டி த்ரீ என்பது ரேடியோக்காரர்கள் பேச்சை முடித்துக்கொள்ளும்போது சொல்கிற வாழ்த்து. அதற்கப்புறம் நான் இருக்கும் காலைகளில் நீங்கள் வரவில்லை. வேறு நேரத்தில் வந்து மற்றவர்களோடு பேசுவதாகக் கேள்விப்பட்டேன். ஒரு வார்த்தை திருப்பித் திட்டியிருந்தால் என்ன அண்ணா? எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்?

இப்போது யாரிடமும் சொல்லாத பகுதி. சண்டை போட்ட நாலாம் நாள் என் டிரான்ஸ்பார்மரை மீட்டர் வைத்துப் பார்த்தேன். 5763க்கு உள்ளே கனலுகிற ஹீட்டருக்கு ஆறு வோல்ட் போதும். என் டிரான்ஸ்பார்மர் ஏழரை வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. பிரித்து எண்ணினேன். முப்பத்தாறு சுற்று இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தைந்து. சுற்றிக்கொண்டிருக்கும்போது பைசுஅள்ளியிலிருந்து ஒருத்தர் எரிந்துபோன போர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பயிர் வாடுது என்று அவசரப்படுத்தினார். அவரை அனுப்பிவிட்டு வந்து, எந்த எண்ணில் விட்டேன் என்று நினைவில்லாமல் குத்துமதிப்பாகத் தொடர்ந்தேன். வால்வைக் கொன்றது என் கை.

ஊருக்கெல்லாம் மோட்டார் கட்டுகிறவளுக்குச் சுற்று எண்ணத் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பிரித்த கம்பியைச் சுருட்டி எடைக்குப் போட்டுவிட்டேன், உங்கள் கடையில் இல்லை, வேறு கடையில். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், பக்ரீத்துக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். பக்ரீத்துக்கும் நான் போகவில்லை. எட்டு மாசம் இப்படியே போனது.

பிறகு ஒரு காலையில் ஏரியூர் சார், "தஸ்தகீர் பாய் நெஞ்சு வலின்னு சொன்னாராம், முடிஞ்சுபோச்சும்மா" என்றார், அதே ரேடியோவில். நான் வந்து சேர்ந்தபோது உங்களை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். பெண்களோடு உள்ளே உட்கார்ந்தேன். எட்டு மாசம் பேசாதவள் எந்த உரிமையில் அழுவது என்று தெரியாமல் அழுதேன்.

அண்ணி நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்தார்கள், வெளியே வராமல், வெளி ஆண்கள் யாரையும் பார்க்காமல். நம் கூட்டத்தில் மற்றவர்கள் எல்லாரும் ஆண்கள். உள்ளே போய் அண்ணியைப் பார்க்க முடிந்தவள் நான் ஒருத்திதான். அப்படியும் ஒரு தடவைதான் போனேன். வெட்கம். அப்புறம் அண்ணியே கூப்பிட்டு அனுப்பினார்கள்.

மாடி அறையில் உங்கள் மேசை அப்படியே இருந்தது. மேசைமேல் ஒரு செட்டு, முக்கால்வாசி கட்டி முடித்தது. பக்கத்தில் தகரப் பெட்டி. "இதெல்லாம் மாதேசுக்குன்னு சொல்லிக்கினே இருந்தாரு. நீதான் பாத்துக்கணும்" என்று அண்ணி பெட்டியைத் திறந்தார்கள். "எவ்ளோ அழுக்கு தெரியுமா? இத்தாவுல வேற என்ன வேலை எனக்கு? ஒவ்வொண்ணா சோப்பு போட்டு, நார் வச்சுத் தேச்சு, பளபளன்னு கழுவி வச்சிருக்கேன் பாரு."

பார்த்தேன் அண்ணா. நூற்றுக்கு மேல் வால்வு, மூக்குத்திக் கல் மாதிரி மின்னுகின்றன. ஒன்றிலும் எண் இல்லை. கண்ணாடிமேல் அச்சடித்த எண் ஈரக் கை பட்டாலே போய்விடும் என்று நமக்குத் தெரியும், அண்ணிக்கு யார் சொன்னார்கள்? பேரெல்லாம் அழிந்து, எல்லாம் ஒரே ஜாடையில் நிற்கின்றன. உங்களை நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேய்த்திருக்கிற மனுஷியிடம் நான் என்ன சொல்வது? "நல்லா இருக்குதுங்க அண்ணி" என்றேன்.

வருஷத்துக்குள் இந்தச் செட்டை முடித்து அதிலேயே பேச வேண்டும் என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன். மன்னிப்புக் கேட்கிற தைரியம் இல்லாதவளுக்கு ஒரு வேலை கிடைத்தது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைச் சாத்திவிட்டுத் தர்மபுரி வந்தேன்.

செட்டில் வால்வு மாட்டுகிற மற்ற சாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் எந்த வால்வு என்று தகட்டிலேயே பென்சிலில் எழுதியிருந்தீர்கள். அலையை அனுப்புகிற கடைசிச் சாக்கெட்டுக்கு மட்டும் எழுதவில்லை. அதில் ஹீட்டர் ஒயர்கள் ஒட்டியிருந்தன. காயிலிலிருந்து வரும் தடித்த ஒயர் முதல் காலில் ஒட்டியிருந்தது. மற்ற ஒயர்களின் நுனியைச் சீவி, ஒட்டாமல் விட்டிருந்தீர்கள். அங்கேதான் உங்கள் நேரம் முடிந்திருக்கிறது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அண்ணன் செட்டு, வேறு என்ன, இ.எல். 84தான். ஆனால் இ.எல். 84க்குக் காயில் ஒயர் ஏழாம் காலுக்குப் போக வேண்டும். முதல் காலில் அதற்கு ஒன்றுமே கிடையாது. சரிதான், உடம்பு முடியாமல் இருந்திருக்கிறார், கண் தெரியாமல் கால் மாற்றி ஒட்டிவிட்டார் என்று நினைத்தேன். பிடுங்கி ஏழில் ஒட்டினேன், நுனி சீவியிருந்த மற்ற ஒயர்களையும் இ.எல். 84க்கு ஏற்ற கால்களில் ஒட்டினேன்.

நீங்கள் சுற்றியிருந்த டிரான்ஸ்பார்மரைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது. என்னோடு பேச்சு இல்லை என்பதற்காக நீங்களே சுற்றியிருக்கிறீர்கள். அண்ணா, அது டிரான்ஸ்பார்மரா, அவசரத்துக்குக் கட்டிய சாக்கு மூட்டையா? ஒரு பக்கம் புடைத்து, தையல் நூலால் கட்டி. மீட்டரில் சரியாக ஆறு வோல்ட் காட்டியது. இ.எல். 84க்கு ஆறரைக்குக் கொஞ்சம் கீழே வேண்டும். ரெண்டு சுற்று குறைத்துவிட்டார், இவருக்கு எங்கே எண்ண வரும் என்று நினைத்துக்கொண்டேன். நாற்பத்தைந்து சுற்றுக்காரி நினைத்தேன்.

பெட்டியில் உயரமாக இருந்த வால்வுகளை எடுத்து, மீட்டர் வைத்து, உள்ளே இருக்கும் தகட்டைப் பார்த்து, இ.எல். 84 ஒன்றைப் பிடித்துவிட்டேன். மாட்டினேன். செட்டு பேசியது. ஏரியூர் சார் "தஸ்தகீர் பாய் செட்டா இது! கேக்குதும்மா, நல்லா கேக்குது" என்று குதித்தார். நானும் பெருமையாக எல்லார் காதிலும் விழச் சொன்னேன்: "அண்ணன் பாவம், கடைசியில ஒயரைக் கால் மாத்தி வச்சிட்டாரு சார். நான்தான் சரி பண்ணேன்."

பின்னால் நின்ற அண்ணி, "அவரு கை தப்புற ஆளா?" என்று கேட்டார்கள். நான் ஏரியூர் சாரோடு பேச்சைத் தொடர்ந்தேன்.

அடுத்த ஞாயிறு மிச்ச வால்வுகளுக்குப் பேர் கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். என் படிக்கிற கண்ணாடி அழுக்காக இருந்தது. வாயால் ஊதி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, அதே நினைப்பில் கையிலிருந்த வால்வையும் ஊதினேன். ஆவி படிந்தது. ஆவிக்கு நடுவில் எண் தெரிந்தது. மூச்சு காய்ந்ததும் மறைந்தது. மறுபடி ஊதினேன், மறுபடி வந்தது. மை போய்விட்டாலும் மை இருந்த இடம் கண்ணாடிக்கு மறக்கவில்லை.

"அண்ணி, வாங்க, சீக்கிரம் வாங்க!" என்று கத்தினேன். வந்து பார்த்தார்கள். அப்போதுதான் விஷயம் புரிந்து தலையில் கை வைத்தார்கள். "அய்யோ அல்லா, பேரெல்லாம் நான்தான் அழிச்சுட்டேனா? ஏன்டி அன்னிக்கே சொல்லல?"

"அழியலங்க அண்ணி. ஒளிஞ்சிருக்குது, அவ்ளோதான்."

ரெண்டு பேரும் உட்கார்ந்து ஊத ஆரம்பித்தோம். என் கண்ணாடியிலும் ஆவி படிந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதனால் நான் ஊதினேன், அண்ணி படித்தார்கள், நான் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினேன். தெருவில் போகிறவர்கள் பார்த்திருந்தால் ரெண்டு பொம்பளைகளுக்கும் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பிரியாணிக்கு அடுப்பு ஊதுகிற மாதிரி ஊதினோம்.

பெட்டியின் அடியில் குட்டையாக மூன்று இருந்தன. முதலாவதை ஊதினேன். அண்ணி ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்கள். "அஞ்சு. ஏழு. ஆறு. மூணு." என் கை நின்றுவிட்டது. "இரு, கீழ இன்னும் என்னமோ இருக்குது. இது அச்சு இல்ல, அவரு கையெழுத்து. ஊது. மா... தே... சு. மாதேசு ஒண்ணு." அடுத்ததில் மாதேசு ரெண்டு. அதற்கடுத்ததில் மாதேசு மூணு.

"ஓ, இதுதானா அது!" என்றார்கள் அண்ணி. "எட்டு மாசமா ஒரு ஞாயித்துக்கிழமை வுடாம பெங்களூருக்கு பஸ் ஏறிகினு இருந்தாரு. எதுக்குன்னு கேட்டா, 'ஒண்ணு கெடச்சுடுச்சு, இன்னும் ரெண்டு வேணும்'பாரு. மூணாவது கெடச்ச அன்னிக்கு எனக்குப் பூ வாங்கினு வந்தாரு. இந்தச் செட்டு யாருக்குன்னு கேட்டேன். 'மாதேசுக்கு. கோவம் தீந்தா வந்து எடுத்துக்குவா'ன்னாரு. உனக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன்?"

எனக்குத் தெரியாது அண்ணா. 5763க்குக் காயில் ஒயர் முதல் காலில்தான் ஒட்ட வேண்டும். அதன் ஹீட்டருக்கு ஆறு வோல்ட்தான். உங்கள் சாக்கு மூட்டை டிரான்ஸ்பார்மரில் ஒரு சுற்றுகூடத் தப்பவில்லை. உங்களுக்குப் பிடிக்காத என் வால்வை, உங்கள் வழக்கப்படி மூன்றாகத் தேடி எடுத்து, அதற்கென்று ஒரு செட்டே கட்டியிருக்கிறீர்கள். நான் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, உங்களுக்குக் கை தப்பிவிட்டது என்று ரெண்டாவது தடவையாக ஊருக்கே சொல்லியிருக்கிறேன்.

உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். அழுது முடித்து அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தாறையும் நாற்பத்தைந்தையும் சொன்னேன். எடைக்குப் போட்ட கம்பியைச் சொன்னேன். அண்ணி சமாதானம் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஊதாமல் மிச்சமிருந்த வால்வுகளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆவும் மாதேசு? நீ அவர ரேடியோல திட்டின. நான் கீழ சமையக்கட்டுல இருந்தேன், என் காதுலயும் வுழுந்துச்சு. அன்னிக்கு அவரு சோறு திங்கல. ரேடியோல திட்டினத ரேடியோல சொல்லு."

"சொல்றேங்க அண்ணி."

"வருஷத்தன்னிக்கே சொல்லு. எல்லாரும் இருப்பாங்க இல்ல?"

நான் காயில் ஒயரை ஏழாம் காலிலிருந்து எடுத்தேன். முதல் காலில் நீங்கள் வைத்த ஈயம் அப்படியே இருந்தது. அதையே சூடாக்கி, அதே இடத்தில் ஒட்டினேன். நான் இ.எல். 84க்கென்று ஒட்டிய மற்ற ஒயர்களையும் பிரித்து 5763க்குரிய கால்களுக்கு மாற்றினேன். மாதேசு ஒண்ணை மாட்டினேன். அரை நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் உள்ளே மெல்லச் சிவந்தது. அண்ணி கண்ணாடியைத் தொடாமல் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தார்கள். "சூடு வருது" என்றார்கள். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

மற்ற இரண்டையும் பழந்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒன்று செத்துப்போனால் மாட்டுவதற்கு, ஒன்று கீழே போட்டு உடைப்பதற்கு. உடைக்க ஆள் இல்லை. எனக்கு வால்வு மூன்று இருக்கிறது, அண்ணன் ஒருத்தர்தான் இருந்தார்.

இந்தக் கடிதத்தை எல்லாரும் வெள்ளிக்கு முன்னாலேயே படித்துவிடுவார்கள். எழுதி அனுப்பினாயே, போதாதா என்று ஏரியூர் சார் கேட்பார். போதாது. வாயால் விட்டதை வாயால்தான் எடுக்க வேண்டும், அதே நேரத்தில், அதே ஆட்கள் கேட்கும்போது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு உங்கள் மேசையில் உட்கார்ந்திருப்பேன். அண்ணி பக்கத்தில் இருப்பார்கள். செட்டைப் போட்டுச் சொல்வேன்: என் வால்வைக் கொன்றது என் கை, தஸ்தகீர் அண்ணன் கை ஒரு நாளும் தப்பியதில்லை, ஒயரைக் கால் மாற்றி வைத்ததும் அவர் இல்லை, நான்தான். முழுக்கச் சொல்லி முடிப்பேன், இது சத்தியம். ஆனால் சொல்லி முடித்துவிட்டு நான் செவன்ட்டி த்ரீ சொல்ல மாட்டேன். 'ஓவர்' என்று மட்டும் சொல்லி, சுவிட்சைக் கேட்கும் பக்கம் தள்ளிவிட்டு, அன்றைக்கு நீங்கள் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் வரைக்கும் யாரையும் பேசவிடாமல் காத்திருப்பேன்.

ஓவர், அண்ணா.

கோபம் தீர்ந்து செட்டை எடுத்துக்கொள்ள வந்துவிட்ட,
உங்கள் தங்கச்சி
மாதேசு